24 வோல்ட் இருந்தும் இன்ஜின் ஏன் சுழலவில்லை?
மண்வாரி இயந்திரத்தின் மின்பழுதை ஓம் விதியால் கண்டுபிடிப்போம்



நெடுஞ்சாலை, ரயில் பாதை, அடுக்குமாடி வீடு என எங்கே கட்டுமான வேலை நடந்தாலும் அங்கே ஒரு மண்வாரி இயந்திரத்தைப் பார்க்கலாம். 20 டன் எடையுள்ள அந்த இயந்திரத்தை முடக்கிப் போட, துருப்பிடித்த ஒரே ஓர் இணைப்பு போதும். காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்புவார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் மெதுவாக அசையும். அல்லது அசையவே அசையாது. மண் ஏற்ற வந்த லாரிகள் வரிசையாக நிற்கும்.

பேட்டரியை மாற்றுங்கள் என்பார் ஒருவர். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் நல்ல நிலையில் இருந்து, பழுது வேறு எங்கோ ஒளிந்திருந்தால் என்ன ஆகும்? பணமும் போகும், பழுதும் தீராது.

நல்ல மெக்கானிக் ஊகிப்பதில்லை, அளக்கிறார். அதற்கு அவருக்கு வேண்டியவை ஒரு மல்டிமீட்டரும் நீங்கள் பள்ளியில் படிக்கும் ஓம் விதியும்தான். ஜெர்மனி நாட்டு அறிஞர் கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட அந்த விதி இதுதான்:

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

இன்றைய பாடத்தின் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் போன்ற சுற்றில் மின்னழுத்தத்தை, மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் கெட்டுப்போன இணைப்பும் நல்லதைப் போலவே காட்டும்.

ஏன் 24 வோல்ட்?

கார்களில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். பெரிய லாரிகளிலும் மண்வாரி இயந்திரங்களிலும் பொதுவாக 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடரிணைப்பில் இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஆறு ஈய–அமில மின்கலங்கள் உள்ளன. முழுமையாக மின்னேற்றம் பெற்ற ஒரு மின்கலம் சுமார் 2.1 வோல்ட் தரும். எனவே ஒரு பேட்டரிக்கு 12.6 வோல்ட், இரண்டுக்கும் சேர்த்து 25.2 வோல்ட்.

இரட்டிப்பு மின்னழுத்தம் எதற்கு? மின்திறன் என்பது மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கல். 4.8 கிலோவாட் திறன் வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் பாய வேண்டும். 24 வோல்ட்டில் 200 ஆம்பியர் போதும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னோட்டம் பாதியானால், அதே கம்பியில் வெப்பம் கால் பங்காகிவிடும்.

ஆனாலும் 200 ஆம்பியர் என்பது சிறிய மின்னோட்டம் அன்று. இவ்வளவு மின்னோட்டம் பாயும் பாதையில் 0.01 ஓம் என்ற மிகச் சிறிய தடை நுழைந்தாலும் 200 × 0.01 = 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

திரும்பி வரும் பாதையை மறக்காதீர்கள்

மின்னோட்டம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த கேபிள் வழியாக ஸ்டார்ட்டருக்குப் போகிறது. திரும்பி எதிர்முனைக்கு வரவும் ஒரு பாதை வேண்டும் அல்லவா? அந்தப் பாதையில் பெரும்பகுதி இயந்திரத்தின் இரும்பு உடல்தான். மெக்கானிக்குகள் இதை ‘எர்த்’ என்பார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இன்ஜின் அதிர்வதால் அதை ரப்பர் தாங்கிகளின் மேல் பொருத்தியிருப்பார்கள். ரப்பர் மின்கடத்தாப் பொருள். எனவே இன்ஜினையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்க ஒரு தடித்த பட்டை அல்லது கேபிள் தனியாகப் போடப்பட்டிருக்கும். இதுதான் எர்த் பட்டை. சேறு, மழைநீர், அதிர்வு எல்லாம் அதைத் தாக்கும். போல்ட் தளரலாம், பட்டையின் அடியில் துரு படியலாம், மறுபடி சாயம் பூசும்போது தொடுபரப்பில் சாயம் புகுந்துவிடலாம். நம் நாட்டின் ஈரப்பதமான பருவநிலையில் செம்பின் மேல் பச்சை நிறப் படிவு உண்டாவதையும் காணலாம்.

அடைபட்ட தண்ணீர்க் குழாய்

பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நடுவே ஓரிடம் நசுங்கியிருக்கிறது. குழாயின் வாயைக் கையால் முழுமையாக அடைத்தால் உள்ளே தண்ணீர் ஓடாது. அப்போது குழாய் முழுவதும் ஒரே அழுத்தம் இருக்கும்; நசுங்கிய இடத்துக்கு அப்பாலும் அதே அழுத்தம்தான். கையை எடுத்துத் தண்ணீரை ஓடவிட்டால்தான் நசுங்கிய இடம் தன் குணத்தைக் காட்டும். அதற்கு அப்பால் அழுத்தம் சட்டென்று குறைந்துவிடும்.

மின்சுற்றிலும் அப்படியே. மின்னோட்டம் சுழியம் என்றால், மின்னோட்டம் × மின்தடை என்பதும் சுழியம். தடை எவ்வளவு இருந்தாலும் மின்னழுத்த இழப்பு தெரியாது. மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் அந்தத் தடையின் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அதைத்தான் நாம் வேட்டையாடப் போகிறோம்.

படிப்படியாக ஒரு நோயறிதல்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழல்கிறது, இன்ஜின் இயங்கவில்லை. மெக்கானிக் பராமரிப்புக் கையேட்டில் சொன்னபடி எரிபொருளைத் தடுத்துவிடுகிறார். இனிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழலும்; இன்ஜின் இயங்காது. ஒரு தடவைக்குச் சில விநாடிகள் மட்டும் சுழலவிட்டு அளக்கிறார்.

படி 1: சாவியைத் திருப்பும் முன் பேட்டரிகளின் இரு கடைசி முனைகளுக்கிடையே 25.2 வோல்ட். மின்னேற்றம் நிறைந்திருக்கிறது.

படி 2: ஸ்டார்ட்டர் சுழலும்போது அதே முனைகளில் 22.8 வோல்ட். நேர் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 240 ஆம்பியர் என்கிறது.

25.2 எப்படி 22.8 ஆனது? ஐந்தாம் படிவ இயற்பியலில் ‘டாயா கெராக் எலெக்ட்ரிக்’, ‘ரிந்தாங்கான் டாலாம்’ என்று படிக்கிறீர்களே, அந்த மின்னியக்கு விசையும் அகத்தடையும்தான் காரணம். இழந்த 2.4 வோல்ட்டை 240 ஆம்பியரால் வகுத்தால் 0.01 ஓம். இரண்டு பேட்டரிகளின் அகத்தடையும் சேர்ந்து இவ்வளவுதான். பேட்டரிகள் நலமாக இருக்கின்றன.

படி 3: சுழலும்போது ஸ்டார்ட்டரின் நேர்முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 17.4 வோல்ட் மட்டுமே. பேட்டரி 22.8 வோல்ட் கொடுக்கிறது. ஸ்டார்ட்டருக்கு வந்து சேர்வது 17.4. வழியில் 5.4 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. யார் எடுத்தது?

படி 4: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டரின் நேர்முனையிலும் வைக்கிறார். சுழலும்போது 0.6 வோல்ட். நேர்ப் பக்கம் குற்றமற்றது.

படி 5: ஸ்டார்ட்டரின் உடலிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரை அளக்கிறார். சுழலும்போது 4.8 வோல்ட்!

கூட்டிப் பாருங்கள்: 17.4 + 0.6 + 4.8 = 22.8. கணக்கு நேராகிவிட்டது. ஒரு தொடர்ச்சுற்றின் பகுதிகளில் விழும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை, மூலத்தின் மின்னழுத்தத்துக்குச் சமம். கூட்டல் சரியாக வந்தால் அளவீடும் சரி. எதையும் விட்டுவிடவில்லை என்றும் பொருள்.

படி 6: இப்போது எதிர்ப் பக்கத்தைத் துண்டு துண்டாக அளக்கிறார்.

பேட்டரியின் எதிர்முனையிலிருந்து துண்டிப்புச் சுவிட்ச் வரை: 0.1 வோல்ட்
துண்டிப்புச் சுவிட்சின் இரு பக்கம்: 0.2 வோல்ட்
சுவிட்சிலிருந்து இரும்புச் சட்டம் வரை: 0.2 வோல்ட்
இரும்புச் சட்டத்திலிருந்து இன்ஜின் உடல் வரை: 4.3 வோல்ட்

குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: எர்த் பட்டை. அதன் தடை 4.3 ÷ 240, அதாவது சுமார் 0.018 ஓம். அங்கே வெப்பமாக வீணாகும் திறன் 4.3 × 240 = 1,032 வாட். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் திறனுக்கு நிகரான வெப்பம் ஒரு போல்ட்டின் அடியில் உண்டாகிறது! அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, சுட்டுவிடும். அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தால் தெரிந்துவிடும்.

துண்டிப்புச் சுவிட்சை அணைத்துவிட்டு, பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது. மீண்டும் அளந்தால்: மின்னோட்டம் 280 ஆம்பியர், பேட்டரியில் 22.4 வோல்ட், நேர்ப் பக்க இழப்பு 0.7, எதிர்ப் பக்க இழப்பு 0.7, ஸ்டார்ட்டருக்கு 21.0 வோல்ட். இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது. 24 வோல்ட் ஸ்டார்ட்டர் சுற்றில் ஒரு பக்கத்து இழப்பு சுமார் 1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. சரியான வரம்பை அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடையை நேராகவே அளந்தால் என்ன?

“ஐயா, மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பிப் பட்டையின் தடையை அளந்தால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சாதாரண மல்டிமீட்டரின் இரு கம்பிகளுக்கே 0.1 முதல் 0.3 ஓம் வரை தடை இருக்கும். நாம் தேடுவதோ 0.018 ஓம். யானையின் மேல் எறும்பை வைத்து எடை போட்டு, எறும்பின் எடையைக் கண்டுபிடிக்க முயல்வது போன்ற வேலை அது.

மின்னழுத்த இழப்பை அளக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. ஸ்டார்ட்டரின் பெரிய மின்னோட்டம் பட்டை வழியே போகிறது. மீட்டரின் கம்பிகளில் ஏறக்குறைய மின்னோட்டமே இல்லை. எனவே கம்பிகளின் தடையால் பிழை வராது. மின்னோட்டம் ஒரு பாதையில், அளவீடு வேறு பாதையில். ஆய்வுக்கூடங்களில் மிகச் சிறிய தடைகளை அளக்கும் கெல்வின் முறையின் அடிப்படையும் இதுவே.

மீட்டரை ஏமாற்றும் இணைப்பு

இனி ஒரு விளக்குச் சுற்றுக்கு வருவோம். வேலை விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டுகிறது. பல்பும் நல்ல பல்பு. அப்படியென்றால்?

இலக்க மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். வழியில் உள்ள அரித்துப்போன இணைப்பு ஒன்றின் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிக்கு முன் ஆயிரம் எம்மாத்திரம்? ஏறக்குறைய முழு 24 வோல்ட்டும் மீட்டருக்கே கிடைக்கும். ஆனால் 24 வோல்ட், 21 வாட் பல்பின் தடை, எரியும் நிலையில்கூட, சுமார் 27 ஓம்தான். 1,000 ஓமும் 27 ஓமும் தொடரில் இருந்தால் பல்புக்கு 1 வோல்ட்கூடக் கிடைக்காது.

அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் சுமையோடு சோதிக்கிறார். பல்பை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு அளப்பார். அல்லது சோதனை விளக்கு ஒன்றை இணைத்துப் பார்ப்பார். ஆனால் கணினியோடு இணைந்த வயர்களில் இழை பல்பு உள்ள சோதனை விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் நுண்மின் சுற்றுகளைக் கெடுத்துவிடக்கூடும்.

5 வோல்ட் உலகம்

இன்றைய மண்வாரி இயந்திரங்களில் கணினியும் பல சென்சார்களும் உள்ளன. பல அழுத்தச் சென்சார்களுக்குக் கணினி 5 வோல்ட் கொடுக்கும். சென்சார் திருப்பி அனுப்பும் சமிக்ஞை 0.5 முதல் 4.5 வோல்ட் வரை இருக்கும். ஏன் 0 முதல் 5 வரை முழுவதையும் பயன்படுத்தவில்லை? வயர் அறுந்தாலோ ஒன்றோடொன்று உரசினாலோ சமிக்ஞை 0 அல்லது 5 வோல்ட்டை ஒட்டிச் சென்றுவிடும். அந்த இரு ஓரங்களையும் காலியாக வைத்திருப்பதால், ‘அழுத்தம் குறைந்துவிட்டது’ என்பதையும் ‘வயர் போய்விட்டது’ என்பதையும் கணினியால் பிரித்தறிய முடிகிறது.

கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ‘கேன்’ என்ற இருவயர் இணைப்பு உண்டு. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது இது. அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டு இரு வயர்களுக்கிடையே அளந்தால், பக்க இணைப்பு விதிப்படி 60 ஓம் வர வேண்டும். 120 ஓம் வந்தால் ஒரு கோடியின் தடை இல்லை, அல்லது வயர் அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் உரசிக்கொண்டிருக்கின்றன. இங்கே தேடும் தடை பெரியது என்பதால் ஓம் அளவீடே பொருத்தமானது.

திரையில் ஒரே நேரத்தில் பல பழுதுக் குறியீடுகள் தோன்றினால் எல்லாச் சென்சார்களும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவானது எது? பேட்டரி, எர்த், 5 வோல்ட் வழங்கல். அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு முதலில்

24 வோல்ட் பொதுவாக நம் உடலில் அதிர்ச்சி உண்டாக்காது. ஆனால் பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பானர் தொட்டுவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். மோதிரம், கைச்சங்கிலி அணிந்த கை கருகிவிடும். மின்னேற்றம் நடக்கும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். இயந்திரத்தின் உடலே எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. எதிர்முனையைக் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் உடலில் பட்ட நொடியே குறுக்குச்சுற்று. இயந்திரத்தில் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டியவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான். நீங்கள் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, டார்ச் பல்பு, பல்பு தாங்கி, வயர்கள், பென்சில் ஈயக்குச்சி ஒன்று, மல்டிமீட்டர்.

1. மின்கலங்கள், பென்சில் ஈயக்குச்சி, பல்பு ஆகியவற்றைத் தொடரிணைப்பில் இணையுங்கள். ஈயக்குச்சிதான் நம் ‘துருப்பிடித்த இணைப்பு’. பல்பு மங்கலாக எரியும்; எரியாமலும் போகலாம்.
2. மின்கலங்கள், ஈயக்குச்சி, பல்பு மூன்றின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். ஈயக்குச்சியும் பல்பும் சேர்ந்து மின்கலங்களின் அளவுக்கு வருகின்றனவா?
3. பல்பைக் கழற்றிவிடுங்கள். இப்போது ஈயக்குச்சியின் இரு முனைகளில் எவ்வளவு? காலியான பல்பு தாங்கியில் எவ்வளவு?

மூன்றாம் படியில் ஈயக்குச்சியில் சுழியமும் தாங்கியில் ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் காட்டும். கெட்ட இணைப்பு நல்லவன் வேடம் போடுவதை உங்கள் மேசையிலேயே பார்த்துவிட்டீர்கள்!

சிந்தித்து விடை காணுங்கள்

1. பெருநாள் விடுமுறைக்காக 7 நாள் நிறுத்திவைத்த இயந்திரத்தில் ஏதோ ஒரு கருவி தொடர்ந்து 0.5 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. தொடரிணைப்பில் உள்ள இரு பேட்டரிகளும் தலா 100 ஆம்பியர்–மணி கொள்ளளவு கொண்டவை. விடுமுறை முடிந்து வந்தால் இன்ஜின் இயங்குமா?

2. ஓட்டுநர் ஒருவர் 12 வோல்ட் வானொலியை இரு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் இணைத்துக்கொண்டார். என்ன கெடுதல் நேரும்?

3. ஓய்வில் 25.0 வோல்ட். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியில் 16.0, ஸ்டார்ட்டரில் 15.4 வோல்ட். சந்தேகம் எங்கே?

விடைகள்

1. 0.5 × 24 × 7 = 84 ஆம்பியர்–மணி தீர்ந்துவிட்டது. தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் மொத்தக் கொள்ளளவும் 100 ஆம்பியர்–மணிதான். மீதி 16 மட்டுமே. இன்ஜின் இயங்குவது கடினம். துண்டிப்புச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

2. அந்த ஒரு பேட்டரி மட்டும் அதிகம் தீர்ந்துபோகும். மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 28 வோல்ட் தருகிறது; ஆனால் அது சமமாகப் பிரியாது. ஒன்று குறையாக ஏறும், மற்றொன்று மிகையாக ஏறும். நாளடைவில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் மாற்றியைப் பயன்படுத்துவதே சரி.

3. கேபிள்களில் இழப்பு 0.6 வோல்ட் மட்டுமே, பாதை நலம். பேட்டரியின் மின்னழுத்தமே சரிகிறது. மின்னோட்டத்தை அளக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் பேட்டரி பலவீனம். மிக அதிகமாக இருந்தால் ஸ்டார்ட்டரோ இன்ஜினோ இறுகிப்போயிருக்கிறது.

மூன்றாம் கேள்விக்கு நீங்களாகவே விடை கண்டிருந்தால், பேட்டரியை மாற்றலாமா வேண்டாமா என்று சொல்லும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. தொழிற்கல்லூரியில் கனரக இயந்திரப் பராமரிப்பு படிக்க விரும்பும் மாணவர்கள் இந்தப் பாடத்தை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தாளில் எழுதும் அதே ஓம் விதிதான் அங்கே உங்கள் முதல் கருவி.